அழிக்காமல் விட்ட இரண்டு

அத்தியாயம் 17

ஐந்து நாளாகக் கடையைத் திறந்ததும் தியாகு செய்யும் முதல் வேலை, செத்துப்போன மனைவியின் பெயரை ஒதுக்கித் தள்ளுவதுதான்.

சுவிட்சைப் போட்டால் அவன் எழுதிய புரோகிராம் எழும்பும். எழும்பிய கையோடு ஒரு சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து நிற்கும். சௌந்தரா உள்ளே வேலையாக இருக்கிறார், தொடரலாமா? ஆங்கிலத்தில் அப்படி எழுதி வைத்தவனும் அவனேதான். ஒருவர் பட்டியலில் வேலை செய்யும்போது இன்னொருவர் தெரியாமல் நுழைந்து குழப்பக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உள்ளே போகிறவர் பெயரில் ஒரு குட்டிக் கோப்பு பிறக்கும். முறையாக மூடிவிட்டு வெளியே வந்தால் அது தானாக அழியும்.

சௌந்தரநாயகி முறையாக வெளியே வரவில்லை. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் திருவாரூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது.

அந்தக் குட்டிக் கோப்பை ஒரு விரலால் அழித்துவிடலாம். தியாகு அழிக்கவில்லை. 'தொடரலாம்' என்று தட்டிவிட்டுத் தொடர்ந்தான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் தட்டினான். பக்கத்தில் ஸ்டூலில் சுந்தரி உட்கார்ந்திருந்தாள். சௌந்தராவின் தங்கை. அக்கா பார்த்த டைப் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். ஆனால் அக்காவின் நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகு வலிக்க வலிக்க அடிப்பாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அத்தான் விசாரணை?"

"பத்தரை."

"அப்பா தூங்கவே இல்ல."

தியாகுவும் தூங்கவில்லை.

போன வாரம் வந்த அந்த நோட்டீசில் நான்கே வரி. வடகரை அன்னதான அறக்கட்டளையின் பசலி 1412ஆம் ஆண்டுச் சாகுபடிதாரர் பட்டியலில் வீரையன் என்ற பெயர் இல்லை. ஆகவே மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர், நிலத்தை விட்டு அவர் விலகிக்கொள்ள வேண்டும். ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமை திருவாரூரில் அதிகாரி முன் சொல்லலாம். வீரையன் தியாகுவின் மாமனார். அந்த மூன்று மாவில் அவர் அப்பா பக்கிரி காலத்திலிருந்து சாகுபடி.

நிலம் போவது ஒரு பக்கம். அறக்கட்டளையின் காரியஸ்தர் காயாரோகணம் சொன்ன பதில்தான் வீட்டைப் போட்டு உலுக்கிவிட்டது.

"நாங்க என்னப்பா செய்யிறது? பட்டியலை அடிச்சது உம் பொண்ணு. அவளே உம் பேரை விட்டுட்டா."

பொய் என்று நிரூபிக்க ஒன்றுமில்லை. சாகுபடிதாரர்கள் எழுதிக்கொடுத்த படிவங்கள் அறக்கட்டளையில். இந்தக் கணிப்பொறியும் அவர்களுடையதுதான். பட்டியல் அடிப்பதற்காகத் தியாகுவின் சென்டரில் வைத்திருந்தார்கள். சௌந்தரா பட்டியலை முடித்தாள், அச்செடுப்பதற்குள் படுத்துவிட்டாள். கருமாதி முடிந்த மறுவாரமே அறக்கட்டளை ஆட்கள் வந்து கணிப்பொறி, பிரிண்டர், பிளாப்பி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போன வியாழன்தான் கணிப்பொறி மட்டும் திரும்பி வந்தது. உள்ளே இடமில்லை என்கிறது, என்னவென்று பார் என்றார்கள். பிளாப்பி செருகும் வாய் உடைந்திருந்தது.

இப்போது அதில் இருந்த பட்டியலில் வீரையன் இல்லை. தியாகு வியாழன் அன்றே பார்த்துவிட்டான். மூன்று முறை பார்த்தான்.

"தம்பி!"

பக்கத்துக் கடை ஹாஜா மைதீன் ஷட்டருக்கு வெளியிலிருந்து தலையை நீட்டினார். ஜெராக்ஸ் கடை, எஸ்.டி.டி. பூத், இந்தக் கட்டடம் மூன்றும் அவருடையது.

"காரியஸ்தர் போன்ல பேசினாரு. நாலு மணிக்கு மெஷினை எடுக்க வர்றாராம். அதுக்குள்ள குப்பையெல்லாம் கூட்டிச் சுத்தம் பண்ணி வைக்கணுமாம்."

"சரி பாய்."

"வயித்துல இடமில்லைன்னு மெஷினே சொல்லுதாமே? எனக்குத் தெரிஞ்சு அதுக்கு ஓம வாட்டர்தான்."

சுந்தரி சிரித்தாள். தியாகுவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

குப்பை எங்கே இருக்கிறது என்று தியாகுவுக்குத் தெரியும். பெரிய பட்டியலை ஊர்வாரியாகப் பிரி, பெயர்வாரியாக அடுக்கு என்றால், புரோகிராம் தன் வசதிக்கு ஒரு நகலை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு அதில்தான் அடுக்கும். முறையாக மூடினால் நகலைத் தானே கிழித்துப் போட்டுவிடும். நடுவில் மின்சாரம் நின்றால் கிழிக்க நேரமிருக்காது. அப்படியே கிடக்கும். அறக்கட்டளை அலுவலகத்தில் தினமும் சாயங்காலம் நேராகச் சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மிஞ்சிய கோப்புகள் குவிந்து குவிந்து இடத்தையே அடைத்துவிட்டன.

"சுந்தரி, டெம்ப் ஃபோல்டரைத் திற. மிச்சம் மீதி கிடக்கறதை எல்லாம் அழிச்சிடு. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சொல்லிவிட்டு எழுந்தான். உட்கார முடியவில்லை. நின்றாலும் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை நடந்தான்.

ஆற்றில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருஷம். குறுவை இல்லை, சம்பா பாதி பதர். பாலத்துச் சுவரில் தண்ணீர் வாங்கித் தருவோம் என்று ஆளுங்கட்சி ஒட்டிய சுவரொட்டி, வராததற்கு யார் காரணம் என்று எதிர்க்கட்சி ஒட்டிய சுவரொட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டுக்கும் கீழே, நிலத்தை விட்டு வெளியேற்றாதே என்ற விவசாயச் சங்கத்தின் சிவப்பு எழுத்து. புறவழிச்சாலை வடகரை வழியாகத்தான் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து அறக்கட்டளைக்குத் தன் நிலங்களின் மேல் திடீரென்று பாசம் பொங்கியிருந்தது.

தியாகு பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பிடியை விட்டான். திரும்பி நடந்தான்.

மத்தியானம் தாண்டிக் கடைக்குள் நுழையும்போது சுந்தரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

குனிந்து பார்த்தான். அறுநூறு சொச்சம் கோப்புகள் கிடந்த இடத்தில் இரண்டே இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று சௌந்தராவின் பெயரில் இருந்த குட்டிக் கோப்பு. இன்னொன்று, எழுத்தும் எண்ணுமாகக் குளறிய பெயர் கொண்ட பெரிய கோப்பு.

"இதை ஏன் விட்டே?"

"அக்கா பேரு போட்டிருக்கு."

"இன்னொண்ணு?"

சுந்தரி ஸ்டூலைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"கேக்கறேன்ல? எல்லாத்தையும்னு சொன்னேன்ல?"

"நீங்க மட்டும் அக்கா பேரை இத்தனை நாளா ஏன் அத்தான் அழிக்கல?"

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. வீரையன் வந்துவிட்டார்.

தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நோட்டீசு மடித்து மடித்து நைந்துபோய்ச் சட்டைப் பையில் தெரிந்தது. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நிலம் போனா போவுது. கொத்து வேலைக்குப் போறேன், கூலிக்குப் போறேன். ஆனா எம் பொண்ணே எம் பேரை விட்டுட்டாளா?"

"மெஷின்ல இப்ப உங்க பேரு இல்ல மாமா."

"நான் அதைக் கேக்கல. அவ விட்டாளா?"

"தெரியல."

"எனக்குத் தெரியும்யா!" வீரையன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "ஆயுத பூஜை அன்னிக்குப் பொரியும் பழமும் வாங்கிக்கிட்டு வந்தேன். நீங்க வாழைக்கன்னு வாங்க கடைத்தெருவுக்குப் போயிருந்தீங்க. 'அப்பா, இங்க வா, உன் பேரு எங்க இருக்கு பாரு'ன்னு கூப்பிட்டா. எனக்கு இங்கிலீசு ஏது? விரலை வச்சுக் காட்டினா. அதான் நீன்னா. பார்த்துக்கிட்டே இருக்கேன், பொசுக்குன்னு டிவி அணைஞ்சு போச்சு."

தியாகு நிமிர்ந்தான்.

"அணைஞ்சு போச்சா? எப்படி?"

"கரண்ட் போயிருக்கும்."

"அன்னிக்குக் கரண்ட் போகல மாமா. கடைத்தெருவுல சீரியல் பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துது."

"நான்தான் பிடுங்கினேன்."

சுந்தரி எழுந்து நின்றிருந்தாள்.

"நல்ல நேரம் பதினொன்றரைக்கு முடியுதுன்னு காலண்டர்ல போட்டிருந்துது. மெஷினுக்குச் சந்தனம் வைக்கணும், மாலை போடணும். பூஜையில வச்சுட்டா எதுவும் ஓடக்கூடாதுல்ல? அக்கா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னுது. மணி பதினொன்னு இருபத்தஞ்சு. பிளக்கைப் பிடுங்கிட்டேன்."

சுந்தரி மேசைக்கு அடியில் கை காட்டினாள்.

"அறிவிருக்கா உனக்குன்னு அப்பா முன்னாடி திட்டிச்சு. நானும் திட்டினேன். அன்னையிலேருந்து பேசல. ஆஸ்பத்திரியில கூட, நான் போயி..." நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். "இந்தப் பெரிய ஃபைலு அன்னிக்குத் தேதி அத்தான். பதினாலாம் தேதி, பதினொன்னு இருபத்தி நாலு. அதான் அழிக்கக் கை வரல."

தியாகு அந்தத் தேதியை மறுபடி படித்தான்.

சௌந்தரா உள்ளே இருந்தாள். பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கி அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுக்குவதற்கு எடுத்த நகல் ஓரமாகக் கிடந்தது. கிழித்துப் போட நேரமில்லாமல் பிளக் போய்விட்டது.

நாற்காலியை இழுத்தான். அந்தப் பெரிய கோப்பை ஒரு நகல் எடுத்தான். காலையில் அறுநூறைத் துரத்தியதில் அதற்கு இடம் கிடைத்தது. நகலுக்குப் பட்டியல் கோப்பின் வால் எழுத்தை மாற்றி ஒட்டினான். திறந்தான்.

திறந்தது.

வரி வரியாக ஊரும் பெயரும். அவன் விரல் கீழ்நோக்கும் விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. வைரக்கண்ணு ஓடினார். அடுத்த வரியில் நிறுத்தினான். நூற்றி எழுபத்தொன்று. வீரையன், தகப்பனார் பக்கிரி, வடகரை, மூன்று மா.

"மாமா, வாங்க."

வீரையன் குனிந்தார். ஆங்கில எழுத்தைப் பார்த்தார். தியாகு காட்டுவதற்கு முன்பே அவர் விரல் போய்க் கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது.

"இந்த எடம்தான். இங்கதான் விரலை வச்சா."

சுந்தரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீரையன் விரலை எடுக்கவில்லை.

"அவ விடல மாப்ள."

"விடல மாமா. யாரோ பின்னால எடுத்திருக்காங்க."

சொல்லும்போதே தியாகுவுக்கு அது உறைத்தது. காலையில் அழித்த அறுநூறும் அறக்கட்டளை அலுவலகத்தில் நாள்தோறும் மிஞ்சியவை. ஒவ்வொன்றிலும் அன்றன்றைய பட்டியல் இருந்திருக்கும். எந்த நாள் வரை பெயர் இருந்தது, எந்த நாளில் போனது என்று தேதியோடு சொல்லியிருக்கும். எல்லாத்தையும் அழி என்றான். அழித்துவிட்டாள்.

மீதி இந்த இரண்டுதான்.

"இதை ஜெராக்ஸ் மாதிரி எடுத்துட்டுப் போனா போதுமா?" என்றார் வீரையன்.

"பிளாப்பி உடைஞ்சு கெடக்கு மாமா. எடுத்தாலும் நானே வீட்டுல உக்காந்து அடிச்சேன்னு சொல்லுவாங்க. இந்த மெஷினுக்குள்ள, இந்தத் தேதியோட, இது இருக்கறதை அதிகாரி பார்க்கணும். மெஷினே போகணும்."

"மெஷினு அவங்களுதாச்சே."

"ஆமா."

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சங்கத்து ஆட்களுக்குப் போன் போடலாம், வக்கீலைக் கேட்கலாம் என்று யோசித்தபடி தியாகு எழுந்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். நாலாவது நடையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

காரியஸ்தர் காயாரோகணம் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டார். வெள்ளை வேட்டி, அக்குளில் தோல் பை. பின்னால் அறக்கட்டளையின் டைப்பிஸ்டு நீலமேகம், பயந்த சுபாவம், பையில் மூன்று பேனா.

"வீரையனும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. என்ன தம்பி, சுத்தமாச்சா?"

"ஆச்சுங்க. ரெண்டே ரெண்டு மட்டும் இருக்கு. அது இருக்கட்டும்."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது. தியாகுவுக்கு எப்போதும் அப்படித்தான். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ஒத்துழைக்காது.

காயாரோகணத்தின் புருவம் ஏறியது.

"ஏன் இருக்கட்டும்?"

"முக்கியமானது."

"குப்பையில என்ன முக்கியம்?" அவர் தியாகுவைப் பார்த்தார். வீரையனைப் பார்த்தார். வீரையன் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெம்பைப் பார்த்தார். "நீலமேகம், உக்காரு. அந்த ரெண்டையும் எடு."

நீலமேகம் சௌந்தராவின் நாற்காலியில் உட்கார்ந்தான். சுந்தரியின் உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது.

"ஐயா, அழிக்காதீங்க," என்றான் தியாகு. "அதுல என் மனைவி அடிச்ச பட்டியல் இருக்கு. மாமா பேரு இருக்கு. நாளைக்கு அதிகாரி பார்க்கட்டும். அப்புறம் நீங்க என்ன வேணாலும் செய்ங்க."

"இதைப் பாருடா! போன வாரம் இல்லாத பேரு இன்னிக்கு எங்கேருந்து மொளைச்சுது? அஞ்சு நாளா மெஷினு உங்கிட்ட கெடந்துது. நீ நட்டது, நீயே அறுக்கறே. அழிப்பா."

நீலமேகம் மவுசை நகர்த்தினான். அம்பு திரையில் தடுமாறித் தடுமாறிப் போனது. முதல் கோப்பைத் தொட்டது. இரண்டாவதையும் சேர்த்தது. இரண்டும் நீலமாயின. விசையைத் தட்டினான். பெட்டி வந்தது.

"ஐயா, நிச்சயமாத்தானான்னு கேக்குது. ஆமா, இல்லைன்னு ரெண்டு போட்டிருக்கு."

"ஆமான்னு அடி."

"அடிச்சா திரும்ப வருமோ வராதோ..."

"அடிய்யா! ஒனக்குப் படிச்சுக் காட்டணுமா?"

நீலமேகத்தின் விரல் மவுசின் மேல் இருந்தது. தியாகு ஒரு எட்டு வைத்தான். காயாரோகணம் குறுக்கே நின்றார். அந்த நேரத்தில் மேசைக்கு அடியில் ஏதோ இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன டக்.

திரை கறுத்தது.

மேசைக்கு அடியிலிருந்து சுந்தரி எழுந்தாள். நெற்றியில் ஒட்டடை. கையில் பிளக்.

"பிடுங்கிட்டேன்," என்றாள்.

காயாரோகணம் கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அறக்கட்டளைச் சொத்து. அத்துமீறல். போலீஸ். நீலமேகத்தைப் பார்த்து மெஷினைத் தூக்கு என்றார். வீரையன் போய் ஷட்டர் நடுவில் நின்றுகொண்டார். அடிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அவரைத் தள்ளாமல் யாரும் வெளியே போக முடியாது.

ஹாஜா மைதீன் வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வீரையண்ணே, என்ன இது? நகருங்க. பேசித் தீர்ப்போம்."

"நகர்றேன் பாய். ஐயாவை ஒண்ணு கேட்டுட்டு நகர்றேன்." வீரையன் காயாரோகணத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, வடகரைக் களத்துல நெல்லு தூத்திப் பொலியாக் குவிச்சதும் வாரப் பங்குல தகராறு வந்தா என்ன செய்வோம்?"

காயாரோகணம் தோல் பையை மாற்றி இடுக்கிக்கொண்டார்.

"மறந்துட்டீங்களா? பொலியைச் சுத்திச் சாம்பலைக் கரைச்சுக் கோடு போடுவோம். மேல நீங்க முத்திரை அடிப்பீங்க. உங்க ஆளு ஒருத்தன், எங்க ஆளு ஒருத்தன் காவல் இருப்பான். பஞ்சாயத்து வர்ற வரைக்கும் நெல்லு உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல. கோடு கலைஞ்சா கலைச்சவன் திருடன். முப்பது வருசம் நீங்கதானே முத்திரைப் பலகை வச்சிருந்தீங்க? இதுவும் பொலிதான். கோடு போடுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. சிரிப்பில்லை. களத்தில் நின்றவர்கள்தான் பாதிப் பேர். வடகரைச் சாகுபடிக்காரர்களும் மூன்று பேர் அதில் இருந்தார்கள்.

"சரியான பேச்சு," என்றார் ஹாஜா மைதீன் சட்டென்று. "எங் கடையில வச்சுப் பூட்டறேன். நாளைக்குக் காலையில ரெண்டு தரப்பும் சேர்ந்து என் வேன்லயே திருவாரூர் போங்க. ஐயாவுக்கு இதுல என்ன நட்டம்? உள்ள ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுடப் போவுது."

காயாரோகணம் கூட்டத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் தோல் பையைத் திறந்து அறக்கட்டளையின் ரப்பர் முத்திரையை எடுத்தார். தியாகுவின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு இதைத் தொறந்து அதுல ஒண்ணும் இல்லாம இருக்கட்டும். மெஷினைக் கெடுத்துப் பொய்க்கணக்கு ஜோடிச்சேன்னு உன் பேருலயும் அந்தப் பொண்ணு பேருலயும் கேஸ் போடுறனா இல்லையா பாரு."

டீக்கடை அடுப்பிலிருந்து சாம்பல் வந்தது. வீரையன் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பெட்டியின் நாலு பக்கமும், திருகாணிகளின் மேலும், மின்சாரம் நுழையும் துளையின் மேலும் விரலால் கோடு இழுத்தார். நெல்லுக்குப் போடுகிற அதே கோடு. துளையின் மேல் ஹாஜா மைதீன் ஒரு காகிதம் ஒட்டினார். காயாரோகணம் முத்திரை அடித்தார். வீரையன் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, கடைசியாக நடந்த நீலமேகம் சுந்தரி பக்கத்தில் ஒரு கணம் நின்றான். செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்தான்.

"உங்க அப்பா பேரு மட்டும் இல்லீங்க," என்றான் தரையைப் பார்த்து. "பதினாலு பேரு. எடுக்கச் சொன்ன துண்டுச்சீட்டு எங்கிட்ட இருக்கு. காரியஸ்தர் கையெழுத்து இல்ல அது."

"பின்ன யாரு?"

அவன் போய்விட்டான். ஆட்டோ கிளம்பியது.

சுந்தரி ஓடிவந்து தியாகுவிடம் சொன்னாள். தியாகு கேட்டுக்கொண்டான். அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவன் மனது வேறொரு இடத்தில் சிக்கியிருந்தது.

இப்படிப் பிளக்கைப் பிடுங்கிய கணிப்பொறி அடுத்த முறை எழும்பும்போது முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நீலத் திரை வரும். உடைந்தது, அறுந்தது, பாதியில் நின்றது எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கும். சிலதை ஒட்டும். சிலதைக் குப்பை என்று தானே தள்ளிவிடும். அக்டோபரில் அந்தக் கோப்பு அதற்குத் தப்பியது. மறுபடியும் தப்புமா, தப்பாதா, எந்தக் கல்லூரியும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. நாளைக்குப் பத்தரை மணிக்கு, எல்லோர் முன்னாலும், திரையில்தான் தெரியும்.

மாமனாரிடம் சொல்லலாமா என்று பார்த்தான். வீரையன் ஹாஜா மைதீன் கடை வாசலில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். எதிரே அறக்கட்டளை ஆள் ஒருவன். இருவரும் ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

சுந்தரி கடையைக் கூட்டினாள். வெறும் மேசையின் முன்னால் அக்காவின் நாற்காலி கோணலாகக் கிடந்தது. நீலமேகம் உட்கார்ந்து எழுந்தது. அதை நேராக்கினாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

தியாகு பார்த்தான்.

"மாப்ள!" வீரையன் வெளியிலிருந்து கூப்பிட்டார். "நாளைக்கு அதைத் தொறந்தா மொதல்ல என்ன வரும்?"

தியாகு வாசலுக்கு வந்தான்.

"சௌந்தரா பேரு வரும் மாமா. உள்ளே வேலையா இருக்கான்னு வரும்."

"அதிகாரி கேப்பாரே, யாரு அதுன்னு."

"கேப்பாரு."

"யாரு சொல்றது?"

ஐந்து மாதமாக வீட்டிலும் கடையிலும் அவளைப் பற்றிய கேள்வி வரும் திசையைப் பார்த்தால் எழுந்து நடந்துவிடுகிறவன் அவன். அன்று பாலம் வரை போகவில்லை. மாமனார் பக்கத்தில், சாம்பல் கோடு போட்ட பெட்டி தெரியும்படி, படியில் உட்கார்ந்தான்.

"நான் சொல்றேன் மாமா."